மயக்கத்தில் இருப்பவர் பேசக் கூடாது

பள்ளிக்கூடத்து வளைவில், தார்ச்சாலை ஓரமாக, கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தேன். நல்ல வெயில். முதுகுக்குக் கீழே சரளைக்கல். நெற்றியில் பூசியிருந்த பீட்ரூட் சாறு மெதுவாக வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கக் கூடாது. ஏனென்றால் எனக்கு மயக்கம்.

"அப்பா, மயக்கத்துல இருக்கறவங்க பேசக் கூடாது. சிரிக்கக் கூடாது. முக்கியமா, போன் அடிச்சா எடுக்கக் கூடாது" என்று என் மகள் யாழினி சொல்லியிருந்தாள். "நான் 'முடிஞ்சது'ன்னு சொல்ற வரைக்கும் நீங்க எங்கப்பா இல்ல. நோயாளி."

யாழினி அப்போது ஏழாம் வகுப்பு. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் ஏதோ பெரிய ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் பேசுவது போலிருக்கும்.

போன வாரம் என் வண்டியின் ஐஸ் பெட்டிக்குள் பூனை புகுந்த கதையைப் படித்துவிட்டு, இந்த வாரமும் பூனை வருமா என்று கேட்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. பூனை வராது. இந்த வாரம் எறும்புதான். அது வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் நான் ஏன் ரோட்டில் படுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஊசி இல்லாத தையல் மன்றம்

எங்கள் ஊர் அன்னவாசலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்பு வரைக்கும். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பிள்ளைகள் புத்தகம் மட்டும் படித்தால் போதாது, கையால் வேலை செய்யவும் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மன்றங்கள் நடத்த வேண்டும்.

நல்ல உத்தரவுதான். எங்கள் பள்ளிக்கூடத்திலும் உடனே மன்றங்கள் தொடங்கினார்கள். தொடக்கவிழாவில் மட்டும் ஒன்பது பேர் பேசினார்கள்.

குழாய் பழுதுபார்க்கும் மன்றம் வந்தது. பள்ளிக்கூடத்துக் குழாய் ஒன்று ரொம்ப நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் பிள்ளைகள் தொடக் கூடாது. தொட்டால் கெட்டுப்போகும் என்றார்கள். ஆகவே குழாயின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தார்கள். தையல் மன்றத்தில் ஊசி கையில் குத்திவிடும் என்பதால், ஊசியைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். சமையல் மன்றம் எலுமிச்சைச் சாதத்தின் செய்முறையை மனப்பாடம் செய்து ஒப்பித்தது. தோட்ட மன்றத்துக்குத்தான் நிஜமான வேலை. பெரிய டீச்சர் நட்ட பப்பாளிக்குத் தண்ணீர் ஊற்றுவது.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது, பள்ளிக்கூடத்துச் சாமான் எதுவும் தேய்ந்துவிடக் கூடாது என்று பயந்தவர்.

எல்லா மன்றத்தையும் விடப் பெரியது பேச்சு மன்றம். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் அதில்தான். வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம், கேடயம் வாங்கலாம்.

மிகச் சிறியது முதலுதவி மன்றம். மொத்தம் ஏழு பிள்ளைகள். அதற்குத் தலைவி என் மகள்.

முதலுதவிப் பெட்டி என்று ஒன்று பள்ளிக்கூடத்தில் இருந்தது. பீரோவுக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். எடுத்துப் பழகினால் பஞ்சு தீர்ந்துபோகுமாம். அதனால் அந்த ஏழு பேரும் என் மனைவி ராணியின் பழைய சேலைகளை முக்கோணமாகக் கிழித்து, எங்கள் வீட்டு வாசலில் பழகினார்கள். முதலில் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்குக் கட்டுப் போட்டார்கள். பிறகு எனக்கு. அறிவியல் சார் வந்து சொல்லிக்கொடுத்தார். முடிச்சு எங்கே வர வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும், விரல் நகத்தை அழுத்திவிட்டு அந்தச் சிவப்பு திரும்பி வருகிறதா என்று எப்படிப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கே பாடமாகிவிட்டது.

ஒருநாள் யாழினி பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட மாட்டேன் என்றாள். காரணம் கேட்டேன்.

"பத்துப் பேர்கூட இல்லாத மன்றம் எதுக்குன்னு பெரிய டீச்சர் கேக்குறாங்கப்பா. வெள்ளிக்கிழமை புதுக்கோட்டையிலேருந்து அதிகாரி வாராராம். அவரு பாத்து நல்லாருக்குன்னு சொன்னா இருக்கட்டும், இல்லாட்டி பேச்சு மன்றத்தோட சேத்துருவேன்னு சொல்லிட்டாங்க."

"சேந்தா என்னத்தா? பேச்சும் நல்லதுதானே?"

"பேசித் தீக்க அடிபட்ட காலு என்ன பஞ்சாயத்தா?"

சோற்றைப் பிசைந்து தட்டை அவள் பக்கம் தள்ளினேன். அப்படியே இருந்தது.

காபித்தூள் போட்டது யாரு?

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

எனக்குக் கல்யாணமான புதிதில் கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு விசேஷத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது, குறுக்கே வந்த ஆட்டுக்கு ஒதுங்கிக் கீழே விழுந்தேன். முழங்காலில் காயம். பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்தில் நல்ல மனசுள்ள ஜனங்கள் நிறைய இருந்தார்கள். அதுதான் ஆபத்தாகிப்போனது.

ஒருவர் காயத்தில் காபித்தூளை அப்பினார். அது சரியில்லை என்று இன்னொருவர் மஞ்சள் போட்டார். மூன்றாவது ஆள் அதன் மேல் விளக்கெண்ணெய் ஊற்றினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு, "காபித்தூள் போட்டது யாரு? சர்க்கரை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். காயத்துக்கு வைத்தியம் பார்க்க ஆன நேரத்தைவிட, முதலுதவியைக் கழுவி எடுக்க ஆன நேரம்தான் அதிகம்.

அதனால்தான், விபத்து நடந்தது மாதிரி நடித்து அதிகாரியிடம் செய்துகாட்டலாம் என்று யாழினி சொன்னபோது, எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அடிபட்டவராகப் படுக்க ஊரில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்ல நாளும் அதுவுமா என்னைய ரோட்டுல படுக்கச் சொல்றியே, வாய்ல வேற வெளையாட்டு வராதா ஒனக்கு?" என்று, எதற்கு என்றுகூடக் கேட்காமல், எல்லோரும் விரட்டினார்கள்.

"நான் படுக்கிறேன்" என்றேன்.

பீட்ரூட் அரைத்துக் கொடுத்துவிட்டு ராணி நூறுநாள் வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது, "படுக்கறதுக்கு ஒங்கப்பாவுக்கு ஒத்திகை வேண்டியதில்ல, ஆத்தா. நீ கட்டுறத மட்டும் பாத்துக்க" என்றாள்.

ஏற்பாடு இதுதான். ஜீப் வருவது தெரிந்ததும் நான் வளைவில் படுத்துவிட வேண்டும். அதிகாரி இறங்கிப் பார்ப்பார். மதிலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பிள்ளைகள் ஓடிவந்து கட்டுப் போட்டு, தூக்குப்படுக்கையில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போவார்கள்.

முதலுதவி மன்றத்து எட்டாம் வகுப்பு அஸ்வின் மதில்மேல் ஏறி நின்று, "ஜீப்பு! ஜீப்பு!" என்று கத்தினான். நான் பாய்ந்துபோய்ப் படுத்தேன்.

வந்தது கோழித்தீவன வண்டி.

யாரோ போட்டாங்க

வண்டி போய்விட்டது. எழுந்திருக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஒரு டி.வி.எஸ். வந்து நின்ற சத்தம் கேட்டது. டீக்கடை ராசு மாமா.

"யாருப்பா அது கெடக்கறது? நம்ம மீன்வண்டிக் கருப்பையா மாதிரி இருக்கு?"

என் வாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தார். "சரக்கு வாடை இல்லையே. மீன் வாடைதான் வருது."

"அப்பக் கருப்பையாதான்" என்றது பின்னால் வந்த இன்னொரு குரல்.

நான் ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன் ஏற்றிவந்து இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விற்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். என்னை அடையாளம் காண முகம் தேவையில்லை.

அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது, கொஞ்ச நேரத்தில் ஊரே கூடிவிட்டது. வார்டு மெம்பர் வந்து, "காத்து விடுங்கப்பா, காத்து விடுங்க!" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் "காத்து விடுங்க" என்று சொல்லி ஆளுக்கொரு அடி நெருங்கினார்கள். அவர்கள் சொன்ன அந்த வாய்க்காற்றைத் தவிர வேறு காற்று என் மேல் படவில்லை.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"யாரோ போட்டாங்க."

பிள்ளைகளே, நிஜ விபத்தைப் பார்த்தால் நீங்களே போன் போடுங்கள். 'யாரோ' என்கிற அந்த ஆள் எங்கள் ஊரில் இதுவரைக்கும் ஒரு வேலையும் செய்ததில்லை.

எங்கள் தெருவில் இருக்கும் மீனாட்சி அயித்தை ஒரு சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "வலிப்பா இருந்தா நிக்கும். இல்லாட்டியும் இருந்துட்டுப் போகுது." ராசு மாமா பன்னீர் சோடாவை உடைத்து முகத்தில் அடித்தார். சில்லென்று இருந்தது. பன்னீர் சோடாவில் சர்க்கரை உண்டு. பீட்ரூட்டும் இனிப்பு. கழுத்துக்குக் கீழே முதல் எறும்பு ஏறியது.

நினைவு தப்பியவனுக்குக் காது கேட்காது என்று ஜனங்கள் நினைத்துவிடுகிறார்கள்.

"நல்ல மனுசன்ப்பா, பாவம்."

"நல்ல மனுசன்தான். எடை மட்டும் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

"அன்னைக்கு எனக்குக் குடுத்த சங்கரா மீனு..."

"அத விடுக்கா. இந்த நேரத்துல அதையெல்லாம் பேசிக்கிட்டு."

எழுந்து உட்கார்ந்து அந்தச் சங்கரா மீனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத் துடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்போது பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இரண்டு மூங்கில், அவற்றில் கோத்த சாக்குகள். அதுதான் தூக்குப்படுக்கை. கூட்டத்துக்கு வெளியே யாழினியின் குரல் கேட்டது.

"தள்ளுங்க மாமா. நாங்க முதலுதவி மன்றம்."

"மன்றமாவது கின்றமாவது! போங்கடி அங்கிட்டு. சின்னப் பிள்ளைக ரத்தத்தப் பாக்கக் கூடாது."

"அது ரத்தம் இல்ல அயித்தை. பீட்ரூட்டு. அப்பா சும்மா நடிக்கிறாரு."



"அடப் பாவமே!" என்று மீனாட்சி அயித்தை அழ ஆரம்பித்தார். "அப்பனை இந்தக் கோலத்துல பாத்துப் பிள்ளைக்குப் புத்தி கலங்கிப்போச்சே! அந்தச் சோடாவ இங்கிட்டுக் கொண்டாங்கப்பா!"

அவள் முகத்திலும் சோடா அடித்தார்கள்.

"பேசிக்கிட்டே நின்னா எப்படி? ஆளுக்கொரு கைய, காலப் பிடிச்சுத் தூக்குங்க. என் வண்டியில போட்டுக் கொண்டுபோயிரலாம்" என்றார் மெம்பர். அடிபட்டவரை அப்படித் தூக்கவே கூடாது என்று அறிவியல் சார் சொல்லியிருந்தார். என் தோளில் நாலு கை விழுந்தது.

நான் எழுந்து, எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால் கூட்டம் கலைந்துபோகும். கூடவே மன்றமும் கலைந்துபோகும். அதிகாரி வரும்போது காட்டுவதற்கு நோயாளியே இருக்க மாட்டான். ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து மகளைப் பார்த்தேன். முகமெல்லாம் சோடா வழிய நின்றிருந்தாள்.

"அப்பா, கண்ணு" என்றாள் பல்லுக்குள். மூடிக்கொண்டேன்.

பதவிப் பிரமாணம்

"மெம்பர் மாமா!" என்று யாழினி கத்தினாள். "பாதுகாப்புக்கு நீங்கதான் தலைவரு!"

தோளில் இருந்த கைகள் நின்றன.

"தலைவரா? யாரு, நானா?"

"ஆமா மாமா. எல்லாரையும் கை கோத்து வட்டமா நிக்க வைக்கணும். மொகம் வெளிப்பக்கம் பாத்து இருக்கணும். ஒருத்தரும் திரும்பக் கூடாது. அது ஒங்க பொறுப்பு."

மெம்பர் வேட்டியை மடித்துக் கட்டினார் என்று நினைக்கிறேன். துணி உதறுகிற சத்தம் கேட்டது. "ஏய், எல்லாரும் கையக் கோருங்க! அங்கிட்டுப் பாருங்கப்பா! தலைவரு சொல்றேன்ல?"

"அப்ப நானு?" என்றார் ராசு மாமா.

"ஒங்கள போக்குவரத்துக்குப் போட்டுருக்கு மாமா."

மீனாட்சி அயித்தை அழுகையை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். "எனக்கு ஒண்ணும் இல்லையாடி?"

"நீங்க துணைத் தலைவர் அயித்தை. அந்தச் சாவிய எடுத்துக்கிட்டு மெம்பர் மாமா பக்கத்துல போய் நில்லுங்க."

எங்கள் ஊர்க்காரர்களைத் தள்ளிப் போங்கள் என்று கெஞ்சினாலும் போக மாட்டார்கள், திட்டினாலும் போக மாட்டார்கள். ஒரு பதவி கொடுத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் என்மேல் நிஜமாகவே காற்று வீசியது.

அதற்குப் பிறகு அந்த ஏழு பேரும் செய்த வேலை சுத்தமான வேலை. காலுக்கு இருபுறமும் மூங்கில் பட்டை வைத்து, மேலும் கீழும் கட்டினார்கள். கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்து, "ரத்தம் ஓடுது" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். சறுக்கிவிடாதபடி படுக்கையோடும் ஒரு கட்டு. அசைய முடியவில்லை. எறும்புகள் மட்டும் தாராளமாக அசைந்தன.

பள்ளிக்கூடத்துக்கு ஊர்வலமாகப் போனோம். சுற்றிலும் கை கோத்தபடி, வெளியே பார்த்தபடி, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து ஊரே வந்தது.

கட்டு அவிழ்த்தலின் முக்கியத்துவம்

பள்ளிக்கூட வாசலில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

அதிகாரி வந்துவிட்டுப் போய்விட்டார். பின்பக்கத்து ரோடு வழியாக. நாங்கள் வளைவில் நின்ற நேரத்தில், பேச்சு மன்றத்துப் பையன் ஒருவன் அவர் முன்னால் பேசியிருக்கிறான். தலைப்பு, முதலுதவியின் முக்கியத்துவம். 'அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் கூடலாமா? சிந்திப்பீர்!' என்று அவன் முழங்கிய இடத்தில் அதிகாரியே எழுந்து கைதட்டினாராம். பீரோவைத் திறந்து முதலுதவிப் பெட்டியை எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து மேடையில் வைத்திருந்தார்கள். பேச்சு மன்றத்துக்கு ஒரு கேடயம்.

பெரிய டீச்சர் எங்களிடம் வந்தார்கள். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"நீங்க லேட்டாயிட்டீங்களேம்மா. அவரு அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போகணுமாம். பரவாயில்ல, முதலுதவியப் பத்தி நம்ம பள்ளிக்கூடம் நல்லாப் பேசியாச்சு. அடுத்த வாரத்துலேருந்து நீங்களும் பேச்சு மன்றத்துல சேந்துக்கங்க. சரி, அப்பாவ அவுத்து விடுங்க. பாவம்."

யாரும் அசையவில்லை. என்னை மெதுவாகத் தரையில் இறக்கி வைத்தார்கள். ஏழு பேரும் ஒரு அடி பின்னால் போய் வரிசையாக நின்றார்கள்.

"அவையோர்க்கு வணக்கம்" என்றாள் யாழினி.

"என்னடி?" என்றார்கள் பெரிய டீச்சர்.

"நாங்க இப்பப் பேச்சு மன்றம், டீச்சர். நான் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, கட்டு அவிழ்த்தலின் முக்கியத்துவம். கட்டு என்பது யாது? சிந்திப்பீர்!"

அஸ்வின் கை தட்டினான். மற்ற ஐந்து பேரும் தட்டினார்கள்.

"வெளையாடாத யாழினி. மனுசன் எப்படி நெளியுறாரு பாரு."

"நெளிபவரை நாம் கைவிடலாமா? கூடாது, கூடாது, கூடவே கூடாது!"

வட்டத்திலிருந்து மெம்பர், முகத்தைத் திருப்பாமலே கேட்டார். "உள்ள என்னப்பா நடக்குது?"

"திரும்பாதீங்க மாமா!" என்று ஏழு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். அவர் திரும்பவில்லை.

பெரிய டீச்சரே குனிந்தார்கள். என் நெஞ்சுமேல் இருந்த முடிச்சைப் பிடித்து இரண்டு முனையையும் இழுத்தார்கள். அந்த முடிச்சை அப்படி இழுத்தால் இறுகும். இறுகியது. எனக்கு மூச்சு முட்டியது. மறுபடியும் இழுத்தார்கள். இன்னும் இறுகியது. வளையல் என் தாடையில் இடித்தது. எறும்பு அவர்கள் கைக்கும் ஏறியிருக்க வேண்டும், "ஆ!" என்று உதறினார்கள்.

"முடிச்சின் எந்த முனையை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும்?" என்று யாழினி தொடர்ந்தாள். அவள் குரல் இப்போது நடுங்க ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடியிருந்தாலும் எனக்குத் தெரிந்தது, அழுகிறாள். ஆனால் நிறுத்தவில்லை. "அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எங்களுக்கு நல்லாத் தெரியும், டீச்சர். பேசவா?"

பிறகு என் பக்கத்தில், மண்ணில், பெரிய டீச்சர் சம்மணம் போட்டு உட்கார்ந்த சத்தம் கேட்டது. சேலை கசங்குவதற்குக் கூட அவர்கள் பயப்படுபவர்கள்.

"என்ன முடிச்சுடி இது?" என்றார்கள். "வாங்க, வந்து அவுங்க. ஒங்க பெட்டியையும் மேடையிலேருந்து எடுத்துக்கங்க."

ஏழு பேரும் பாய்ந்து வந்தார்கள். ஒரு முனையை எதிர்ப்பக்கம் மடக்கி ஒரே இழுப்பு. பட்டென்று விட்டது. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். பெரிய டீச்சர் அந்தத் துணியைக் கையில் வாங்கி, முடிச்சு இருந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை போடு. மெதுவா."

"இப்ப நேரமாச்சு, டீச்சர்" என்று யாழினி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு எங்க மன்றத்துக்கு வாங்க. சொல்லித் தாரோம்."

பெரிய டீச்சர் தமிழ் படித்தவர்கள். யார் எதைத் தப்பாகச் சொன்னாலும் அந்த இடத்திலேயே திருத்திவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள்.

'எங்க மன்றத்துக்கு' என்று அவள் சொன்னதை அவர்கள் திருத்தவில்லை.